யூடிஎஃப்-8: தமிழுக்கு மூன்று பைட் கேட்கிறது, தாராளமாகக் கொடுக்கலாம்

யூடிஎஃப்-8 பற்றி விமர்சனம் எழுத என்ன இருக்கிறது, அது பாட்டுக்கு எல்லாக் கம்ப்யூட்டரிலும் கைபேசியிலும் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். நிறைய இருக்கிறது. பாமினி, டிஸ்கி, டேப், அப்புறம் பெயரே தெரியாத ஏதோ ஒரு ஃபான்ட் என்று பழைய முறைகளில் அடித்து வைத்த தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தருவது என் வேலை. அதனால் இந்தப் பொருளை நான் தினமும் உள்ளே திறந்து, பைட் பைட்டாகப் பார்க்கிறேன். வெளியே இருந்து பார்ப்பவர்களிடம் கேட்டால் மூன்று புகார்தான் திரும்பத் திரும்ப வரும்: தமிழுக்கு மூன்று மடங்கு இடம் தின்கிறது, எழுத்து உடைந்து போகிறது, தேடினால் கிடைப்பதில்லை. இந்த மூன்றில் முதல் புகார் மட்டும்தான் யூடிஎஃப்-8 மேல் போட வேண்டியது. மற்ற இரண்டும் வேறு யாரோ செய்த வேலைக்கு இது வாங்கும் திட்டு, அதைப் பிரித்துச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

முதலில் இது என்ன செய்கிறது என்பது சரியாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் பாதிச் சண்டை இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒரு பைட் என்றால் 0 முதல் 255 வரை ஏதாவது ஒரு எண், அவ்வளவுதான், கம்ப்யூட்டருக்கு எழுத்து என்ற ஒன்றே தெரியாது. எந்த எழுத்துக்கு எந்த எண் என்று தீர்மானிப்பது யூனிகோட். 1991-இல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கிவிட்டார்கள். அ என்றால் 2949, க என்றால் 2965, புள்ளிக்கு 3021. சரி, 2949 ஒரு பைட்டுக்குள் அடங்காதே, அதை எப்படி எழுதி வைப்பது? அந்த ஒரு கேள்விக்கான விடைதான் யூடிஎஃப்-8. எண்ணைக் கொடுத்தால் பைட்டாக மாற்றித் தரும், பைட்டைக் கொடுத்தால் எண்ணைத் திருப்பித் தரும். புள்ளியைத் தனி எண்ணாக வைத்தது, கௌ என்பதை எப்படிப் பிரிப்பது, திரையில் எழுத்து எப்படி வளைய வேண்டும் என்பதிலெல்லாம் இதற்குத் துளியும் பங்கு இல்லை.

செய்முறையை ஒரே ஒரு எழுத்தை வைத்துப் பார்த்துவிடலாம், ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவர்களுக்கு அப்புறம் குழப்பமே வராது. அ-வின் எண் 2949. இரும எண்ணாக எழுதினால் 101110000101. முன்னால் நாலு பூஜ்யம் சேர்த்து 16 இலக்கமாக்கி, நாலு, ஆறு, ஆறு என்று வெட்டினால் 0000, 101110, 000101. முதல் துண்டுக்கு முன்னால் 1110 போடுங்கள், மற்ற இரண்டுக்கும் முன்னால் 10 போடுங்கள். 11100000, 10101110, 10000101. அதாவது 224, 174, 133. கோப்பில் அ என்று நீங்கள் அடித்தால் வட்டில் உட்கார்வது இந்த மூன்று எண்கள்தான். முதல் பைட்டில் தொடக்கத்தில் இருக்கும் மூன்று ஒன்றுகள் 'இந்த எழுத்து மொத்தம் மூன்று பைட்' என்று சொல்கின்றன, 10 என்று தொடங்கும் பைட் எதுவாக இருந்தாலும் அது ஓர் எழுத்தின் நடுவிலோ கடைசியிலோ வருவது. 127 வரை உள்ள எண்களுக்கு, அதாவது ஆங்கில எழுத்து, இலக்கம், நிறுத்தக்குறி எல்லாவற்றுக்கும், எந்த மாற்றமும் இல்லாமல் அதே எண் ஒரே பைட்டாகப் போய்விடும். 2047 வரை இரண்டு பைட், 65535 வரை மூன்று, அதற்கு மேலே நாலு. கிரேக்கம், ரஷ்யன், அரபு எல்லாம் இரண்டு பைட் எல்லைக்குள் வந்துவிட்டன. நாம் 2944-இல் ஆரம்பிக்கிறோம், கொஞ்சம் தள்ளிப் போய்விட்டோம், அதனால் மூன்று. இந்தி, தெலுங்கு, கன்னடம், மலையாளம், சீனம், ஜப்பான் எல்லாருக்கும் இதே மூன்றுதான், தமிழை மட்டும் யாரும் ஓரங்கட்டவில்லை.

இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், நடுவில் எங்கே குதித்தாலும் வழி தெரிவது. ஒரு பெரிய கோப்பின் நட்டநடுவில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு பைட்டை எடுங்கள். அது 128 முதல் 191 வரை இருந்தால் ஓர் எழுத்தின் உள்ளே நிற்கிறீர்கள், பின்னால் ஓரிரு பைட் நகர்ந்தால் எழுத்தின் தொடக்கம் வந்துவிடும். ஒரு பைட் தொலைந்து போனாலும் சேதம் அந்த ஓர் எழுத்தோடு நின்றுவிடும், அடுத்த எழுத்திலிருந்து எல்லாம் ஒழுங்காக வரும். இது சாதாரண விஷயம் இல்லை. ஜப்பானியர்கள் நெடுங்காலம் பயன்படுத்திய ஷிஃப்ட்-ஜிஸ் முறையில் சில எழுத்துகளின் இரண்டாம் பைட் 92 என்று வரும், 92 என்பது பின்சாய்கோட்டின் எண், விளைவாகக் கோப்பின் பாதையைப் படிக்கும் நிரல் எழுத்தின் பாதியைச் சாய்கோடு என்று நினைத்துக்கொண்டு எங்கெங்கோ போகும். யூடிஎஃப்-8-இல் அதற்கு வழியே இல்லை, 128-க்குக் கீழே உள்ள பைட் ஒன்று கண்ணில் பட்டால் அது அந்த ஆங்கில எழுத்தோ குறியோ மட்டும்தான், வேறு எதன் பாதியாகவும் இருக்க முடியாது. தமிழ் என்றால் என்னவென்றே தெரியாத காலத்து நிரல்கள்கூடத் தமிழ்ப் பெயர் வைத்த கோப்பை உடைக்காமல் நகலெடுத்துத் தருவது இதனால்தான். தேடலும் அப்படியே, ஓர் எழுத்தின் பைட் வரிசை இன்னோர் எழுத்தின் நடுவில் தற்செயலாகப் பொருந்திவிடாது.

இதை யோசித்தவர்கள் அமெரிக்காவின் பெல் லேப்ஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்த கென் தாம்சனும் ராப் பைக்கும். 1992 செப்டம்பரில், நியூ ஜெர்சியில் ஓர் உணவகத்தில் மேசையில் விரித்திருந்த காகிதத்தில் தாம்சன் பிட்களை வரைந்து காட்டினார் என்று பைக் பிறகு எழுதியிருக்கிறார். யூனிக்ஸ் கணினி நிறுவனங்களின் கூட்டமைப்பான எக்ஸ்/ஓப்பன் அமைப்பினர் அப்போது வேறு ஒரு வடிவத்தை முன்வைத்திருந்தார்கள், அதில் இந்த 'நடுவில் குதித்தாலும் வழி தெரியும்' வசதி இல்லை, அதைக் கேட்டு வாங்குவதற்காகவே இவர்கள் புதிதாக வரைந்தார்கள். சில நாட்களில் தங்களுடைய பிளான் 9 இயங்குதளம் முழுவதையும் இதற்கு மாற்றிவிட்டார்கள். முதலில் ஆறு பைட் வரை நீளலாம் என்று இருந்ததை 2003-இல் வந்த தரநிலை நாலோடு நிறுத்தியது, ஒரே எழுத்தைத் தேவைக்கு மேல் நீளமாக எழுதிப் பாதுகாப்புச் சோதனையை ஏமாற்றும் தந்திரத்தையும் அதே தரநிலை செல்லாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. இன்றைக்கு இணையதளங்களில் 98 சதவீதத்துக்கும் மேல் இதில்தான் இருக்கின்றன.

இனி விலைக்கு வருவோம், இலவசப் பொருள்தான் என்றாலும் இடம் என்ற விலை உண்டு.

தமிழ் என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். நம் கணக்குக்கு மூன்று எழுத்து. யூனிகோட் கணக்குக்கு த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்று ஐந்து குறி, அதாவது ஐந்து எண். யூடிஎஃப்-8-இல் ஐந்து மூன்று பதினைந்து பைட். இதே சொல் பாமினி ஃபான்ட் கோப்பில் ஐந்து பைட்: ஜே, கே, பி, ஓ என்று நாலு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும் கோப்பில் இருக்கும், ஃபான்ட் அவற்றின் மேல் தமிழ் முகத்தை ஒட்டிக் காட்டும். ஃபான்ட் போனால் ஜே கே பி ஓ மட்டும் மிஞ்சும், பத்து வருஷம் கழித்துத் திறப்பவருக்கு அது தமிழ் என்பதற்கான தடயம்கூட இருக்காது. என்னிடம் வரும் கோப்புகளில் பாதி நேரம் இந்தத் துப்புத் துலக்கலிலேயே போகிறது. ஐந்து பைட் மலிவுதான், ஆனால் அந்த மலிவில் கிடைப்பது தமிழ் இல்லை, ஆங்கில எழுத்துக்குப் போட்ட வேஷம்.

யூனிகோட் எண்களை இரண்டிரண்டு பைட்டாக எழுதும் யூடிஎஃப்-16 முறை என்றால் இதே சொல் பத்து பைட்டில் முடியும், அதனால் தமிழுக்கு அதுதான் நல்லது என்று ஒரு வாதம் உண்டு. வெறும் தமிழ் உரையாக இருந்தால் கணக்கு சரிதான். ஆனால் ஒரு வலைப்பக்கத்தைத் திறந்து பாருங்கள், எச்டிஎம்எல் ஒட்டுகள், இணைப்பு முகவரிகள், எண்கள், இடைவெளிகள், நிரல் வரிகள் என்று ஆஸ்கி எழுத்துகள்தான், அதாவது 127-க்குள் எண் உள்ளவைதான், குவிந்து கிடக்கும், அவை ஒவ்வொன்றும் யூடிஎஃப்-16-இல் இரண்டு பைட்டாகும். தமிழில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும். அதற்கு மேல், அனுப்பும்போது சுருக்கித்தான் அனுப்புகிறார்கள், அன்றாடத் தமிழ் எழுத்தின் முதல் பைட் எப்போதும் 224, இரண்டாவது 174 அல்லது 175 என்பதால் சுருக்கும் நிரலுக்கு இது லட்டு மாதிரி. சேமிப்பைப் பற்றியும் பதற வேண்டாம்: பத்து லட்சம் குறிகள் கொண்ட தமிழ் உரை 30 லட்சம் பைட், கைபேசியில் எடுக்கும் ஒரு நல்ல புகைப்படத்தின் அளவு.

மூன்று பைட் உண்மையிலேயே கடிக்கும் இடங்கள் வேறு. லினக்ஸில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது; ஆங்கிலத்தில் அது 255 எழுத்து, தமிழில் 85 குறி, புள்ளியும் கொம்பும் கணக்கில் சேர்வதால் நம் கணக்குக்கு இன்னும் குறைவு. கட்டுரைத் தலைப்பையே கோப்புப் பெயராக வைக்கிறவர்கள் இந்த எல்லையில் அடிக்கடி முட்டுவார்கள். இணைப்பு முகவரி இன்னும் மோசம், அங்கே ஒவ்வொரு பைட்டையும் விழுக்காட்டுக் குறியும் இரண்டு இலக்கமுமாக எழுதுவார்கள், தமிழ் என்ற மூன்று எழுத்து 45 எழுத்தாக நீளும். தமிழ் விக்கிப்பீடியா இணைப்பை யாருக்காவது அனுப்பும்போது திரை முழுக்க எண்ணும் விழுக்காடுமாக நீண்டு போவது இதுதான். பாதிப் பழி அந்த முகவரி முறைக்குப் போக வேண்டும் என்றாலும், மூன்று பைட்டாக இல்லாவிட்டால் இவ்வளவு நீளாது என்பதை மறைக்க முடியாது. குறுஞ்செய்திக்கு வந்தால் யூடிஎஃப்-8 இல்லாமல் இருந்ததே நமக்கு நல்லது: 140 பைட்டில் ஒரு செய்தி, தமிழை அதில் இரண்டு பைட் முறையில் அனுப்புவதால் 70 குறி கிடைக்கிறது, இதைப் போட்டிருந்தால் 46 தான் கிடைத்திருக்கும். சின்னப் பெட்டிக்குள் நிறையத் தமிழை அடைக்க வேண்டிய இடத்துக்கு இது ஏற்ற பொருள் இல்லை.

அடுத்த புகார், எழுத்து உடைகிறது என்பது. திறந்தால் தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ஏ, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், அப்புறம் ஏதோ ஒரு குறி, மறுபடி அதே ஏ, அதே வட்டம் என்று வரி வரியாக ஓடுமே, அதைப் பார்த்ததும் 'யூனிகோட் உடைந்துவிட்டது' என்பார்கள். எதுவும் உடையவில்லை. விண்டோஸ்-1252 என்ற மேற்கத்திய அட்டவணையில் 224 என்பது அந்தச் சாய்கோட்டு ஏ, 174 என்பது வட்டத்துக்குள் ஆர். யூடிஎஃப்-8 பைட்கள் வட்டில் பத்திரமாக இருக்கின்றன, படிக்கும் நிரல்தான் தவறான அட்டவணையை வைத்துக்கொண்டு படிக்கிறது. அந்தக் குப்பையை வைத்தே என்ன மொழி என்றுகூடச் சொல்லிவிடலாம்: சாய்கோட்டு ஏ பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் திரும்பத் திரும்ப வந்தால் தமிழ், நாலு முனையிலும் முள் நீட்டிய வட்டம் வந்தால் இந்தி, ஏனென்றால் இந்திக்கு இரண்டாம் பைட் 164. திறக்கும்போது யூடிஎஃப்-8 என்று சொல்லித் திறந்தால் எல்லாம் பழையபடி வந்துவிடும், குப்பையாகத் தெரியும் நிலையில் மட்டும் தயவுசெய்து சேமிப்புப் பொத்தானைத் தொடாதீர்கள்.

தொட்டால் என்ன ஆகும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், தமிழுக்கென்றே ஒரு விசேஷ ஆபத்து இதில் இருக்கிறது, அதை யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. விண்டோஸ்-1252 அட்டவணையில் ஐந்து இடங்கள் காலி: 129, 141, 143, 144, 157. தவறாகப் படித்த குப்பையை ஒரு நிரல் மறுபடி யூடிஎஃப்-8 ஆகச் சேமித்துவிட்டால், பின்னோக்கிப் போய்ப் பழுது பார்க்கலாம், பெரும்பாலான எழுத்துகள் திரும்பி வரும். ஆனால் அந்தக் காலி இடங்களில் விழுந்த பைட்களைச் சில நிரல்கள் அப்படியே விட்டுவைக்கும், சில நிரல்கள் கேள்விக்குறியாக்கிவிடும். நம்முடைய எந்த எழுத்துகள் அங்கே விழுகின்றன தெரியுமா? ஏ என்பது 224, 174, 143. ஐ என்பது 224, 174, 144. உகரக் குறி 224, 175, 129. புள்ளி 224, 175, 141. தமிழில் புள்ளியும் உகரமும் இல்லாமல் ஒரு வரி எழுத முடியுமா? முருகன் என்ற பெயரில் மட்டும் மூன்று இடம் அடிபடும், மகரத்தின் உகரம், ரகரத்தின் உகரம், கடைசிப் புள்ளி. அடிபட்ட இடத்தில் 224, 175 வரை இருக்கும், மூன்றாவது தொலைந்திருக்கும், அது உகரமா புள்ளியா என்று சொல்லைப் படித்துப் பார்த்துத்தான் ஓர் ஆள் தீர்மானிக்க வேண்டும். ஒரு நிறுவனம் அனுப்பிய உறுப்பினர் பட்டியல் இந்த நிலையில்தான் என்னிடம் வந்தது. புள்ளியும் உகரமும் போன பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துச் சரிசெய்ய வேண்டியிருந்தது, ஊர்ப் பெயர்கள் பரவாயில்லை, ஆட்களின் முன்னெழுத்துகளில் ஏ வந்ததா ஐ வந்ததா என்பதை அவர்களிடமே திருப்பிக் கேட்காமல் முடியவில்லை. இதில் யூடிஎஃப்-8 செய்த குற்றம் ஒன்றும் இல்லை, மேற்கத்திய அட்டவணையை இயல்பு நிலையாக வைத்திருந்த ஒரு நிரல் செய்தது.

இதைவிட மோசமானது எல்லா எழுத்தும் வெறும் கேள்விக்குறியாக நிற்பது. தமிழே இல்லாத அட்டவணைக்குத் தமிழை மாற்றிச் சேமித்தால் ஒவ்வொரு குறிக்கும் 63 என்ற பைட் விழும், அதாவது கேள்விக்குறி, அங்கே மீட்க ஒன்றுமே மிஞ்சாது. கறுப்பு வைரத்துக்குள் கேள்விக்குறி தெரிந்தால் அது வேறு, பைட் வரிசை செல்லாது என்று படிக்கும் நிரல் சொல்கிறது, பெரும்பாலும் நீளத்தை பைட்டில் அளந்து ஓர் எழுத்தின் நடுவில் யாரோ வெட்டியிருப்பார்கள். அசல் கோப்பு கையில் இருந்தால் தப்பிக்கலாம்.

மூன்றாவது புகார், தேடினால் கிடைப்பதில்லை. இது பெரும்பாலும் நாம் அடிக்கும் விதத்திலும் யூனிகோட் தமிழுக்குப் போட்ட அமைப்பிலும் இருந்து வருவது. கௌரவம் என்று ஔகாரக் குறியோடு அடிப்பவர்கள் இருக்கிறார்கள், கெளரவம் என்று எகரக் கொம்பும் ளகரமும் போட்டு அடிப்பவர்களும் இருக்கிறார்கள், பல ஃபான்ட்களில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றுதான், பைட்டில் முன்னது தொடங்கும்போதே ஆறு, பின்னது ஒன்பது. ஔவையார், ஒளவையார் கதையும் இதுவே. ஸ்ரீ என்பதை ஸ வைத்தும் எழுதலாம், 2005-இல் யூனிகோடில் சேர்ந்த ஶ வைத்தும் எழுதலாம், திரையில் வித்தியாசமே தெரியாது. கொ என்பதை ஒரே ஒகரக் குறியாகவோ கொம்பும் காலும் தனித்தனியாகவோ சேமிக்கலாம், இதை மட்டும் யூனிகோடின் இயல்பாக்க விதிகள் ஒன்று சேர்த்துவிடும், கௌ-வையும் கெள-வையும் சேர்க்காது. அகரவரிசையும் அப்படித்தான், யூனிகோட் எண்களில் ள, ழ இரண்டும் வ-வுக்கு முன்னால் இருக்கின்றன, பைட்டை வைத்து வரிசைப்படுத்தினால் நம் நெடுங்கணக்கு வராது. யூடிஎஃப்-8 கொடுத்த எண்ணை அதே வரிசையில் பத்திரமாகத் தருகிறது, எண்ணே அப்படி இருந்தால் அது என்ன செய்யும்?

ஒவ்வொரு உயிர்மெய்க்கும் தனி எண் கொடுத்த டேஸ்16 முறையை 2010-இல் தமிழ்நாடு அரசு யூனிகோடோடு சேர்த்துத் தரநிலையாக அறிவித்தது, மேலே சொன்ன குறைகளில் பல அதில் இல்லை, கொ என்பது ஒரே எண். அதன் எண்களை யூடிஎஃப்-8 ஆக எழுதினாலும் மூன்று பைட்டில் முடியும். அது பரவாமல் போனது எனக்கு வருத்தம்தான். ஆனால் அந்த எண்கள் யூனிகோடின் தனிப்பயன் பகுதியில் இருக்கின்றன, உலகத்தில் யார் வேண்டுமானாலும் அங்கே எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், எதிரில் இருப்பவரிடம் அதே ஃபான்ட் இல்லாவிட்டால் வெற்றுக் கட்டம்தான். மறுபடி பாமினி காலத்துக் கஷ்டத்துக்குத் திரும்ப எனக்கு மனசில்லை.

எழுத்தை எண்ணும் விஷயத்தில் நிரல் மொழிகளைத்தான் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ் என்ற சொல்லின் நீளம் பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் 5, ஸ்விஃப்டில் 3, பைட்டாக அளந்தால் 15. பெயருக்கு 20 எழுத்து வரை என்று ஒரு படிவம் சொன்னால் எந்த 20 என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கூட வரும் உதிரி ஒன்றைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பிஓஎம் என்ற அடையாளம், கோப்பின் தொடக்கத்தில் 239, 187, 191 என்று மூன்று பைட். யூடிஎஃப்-8-க்கு இது தேவையே இல்லை, பைட் வரிசை விதிப்படி இருக்கிறதா என்று சோதித்தாலே அது யூடிஎஃப்-8 தானா என்று ஏறக்குறைய உறுதியாகத் தெரிந்துவிடும், வேறு முறையில் எழுதிய உரை தற்செயலாக அந்த விதிகளுக்குள் பொருந்துவது அபூர்வம். ஆனாலும் காற்புள்ளி பிரித்த பட்டியலைச் சில விரிதாள் நிரல்களில் நேரடியாகத் திறக்க வேண்டும் என்றால் இந்த மூன்று பைட் இருந்தால்தான் தமிழ் தெரியும். அதே பைட்கள் ஒரு பிஎச்பி கோப்பின் தலையில் உட்கார்ந்தால் பக்கத்துக்கு முன்னாலேயே வெளியே கசிந்து பிழை தரும், லினக்ஸ் ஸ்கிரிப்டின் தலையில் உட்கார்ந்தால் ஸ்கிரிப்டே ஓடாது. பட்டியலுக்குப் போடுங்கள், நிரலுக்குப் போடாதீர்கள். நிலைமை முன்னேறிக்கொண்டும் இருக்கிறது: விண்டோஸின் நோட்பேட் 2019 முதல் புதுக் கோப்பை பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8 ஆகவே சேமிக்கிறது, ஜாவா 2022-இல் வந்த 18-ஆம் பதிப்பிலிருந்து எல்லா இயங்குதளத்திலும் இதையே இயல்பாக வைத்துக்கொண்டது.

தரவுத்தளம் அமைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மைஎஸ்க்யூஎல்லில் யூடிஎஃப்8 என்று நெடுங்காலம் பெயர் போட்டிருந்த வகை மூன்று பைட்டோடு நின்றுவிடும் அரைகுறை வகை. நாலு பைட் வரை போகும் முழு வகையை 2010-இல்தான் யூடிஎஃப்8எம்பி4 என்ற பெயரில் சேர்த்தார்கள். தமிழ் மூன்று பைட்தானே, நாலு பைட் எமோஜி நமக்கு வேண்டாம், பழைய வகையே போதும் என்று சொல்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். போதாது. முந்திரி, மாகாணி மாதிரியான பழைய தமிழ்ப் பின்னக் குறிகளும் நில, நாணய அளவைக் குறிகளும் 2019-இல் யூனிகோட் 12-இல் தமிழ் இணைப்புப் பகுதியாகச் சேர்ந்தன, மொத்தம் 51 குறிகள், 73664-இல் தொடங்கும் அந்த எண்கள் எல்லாமே நாலு பைட். பழைய கணக்கேடு, நில ஆவணம், கல்வெட்டு என்று வேலை செய்பவர்களுக்கு இவை இல்லாமல் முடியாது.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அந்த அரை, மேலே சொன்ன கோப்புப் பெயருக்கும் முகவரிக்கும். பழைய கோப்புகளை மாற்றப் போகிறவர்கள் அசலை நகலெடுத்து எழுதத் தடை போட்டு வைத்துவிட்டு, மாற்றியதை மட்டும் திருத்துங்கள். நிரல் எழுதுகிறவர்கள் கோப்பைத் திறக்கும் ஒவ்வொரு இடத்திலும் யூடிஎஃப்-8 என்று வாயைத் திறந்து சொல்லுங்கள், இயல்பு நிலையை நம்ப வேண்டாம்.

அப்புறம் புதிதாக ஒரு மென்பொருளோ சேவையோ தமிழுக்காக வாங்குவதாக இருந்தால் காசு கொடுப்பதற்கு முன்னால் இந்தச் சோதனையைச் செய்து பாருங்கள். 'ஐயா முருகன் ஏன் வரவில்லை' என்று ஒரு வரி அடியுங்கள், விண்டோஸ்-1252-இன் காலி இடங்களில் விழுவதாக மேலே சொன்ன நாலு எழுத்துக்குறிகளும் அதில் இருக்கின்றன. கூடவே ஓர் எமோஜியும், கிடைத்தால் ஒரு முந்திரிக் குறியும் சேருங்கள். சேமித்து, மூடி, பட்டியலாக ஏற்றுமதி செய்து, இன்னொரு கணினியில் இறக்கி, மறுபடி உள்ளே ஏற்றிப் பாருங்கள். வரி அப்படியே இருந்தால் வாங்கலாம். வரி தப்பித்து எமோஜியோ முந்திரியோ மட்டும் போயிருந்தால் உள்ளே எங்கோ மூன்று பைட் வகை இருக்கிறது, மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். ஐயும் ஏயும் புள்ளியும் உகரமும் மட்டும் போயிருந்தால் உள்ளே எங்கோ விண்டோஸ்-1252 இருக்கிறது, விற்பவரிடம் இந்த நாலையும் காட்டிச் சரிசெய்யச் சொல்லுங்கள்.